நாலாவது ஆள் ஏறிய ஏத்தப்பெட்டி

பெண் பார்க்கப் போகிறவன் நடந்து போகவேண்டும். மாப்பிள்ளை முறுக்கோடு இயந்திரத்தில் ஏறக்கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துக்குச் சற்றுப் பின்னால், அந்தரத்தில் தொங்கியபடி நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

தாமிரபரணியைப் பார்த்தபடி மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் ஊர். கீழூரில் சந்தை, மேலூரில் சர்க்கார் கச்சேரி. படியேறி மூச்சு வாங்கிய அதிகாரிகள் ஒரு கமிட்டி கூடி, பொதுஜன நன்மைக்காக ஏத்தப்பெட்டி வைத்தார்கள். (பொதுஜனம் என்றால் அவர்கள்தான். மற்றவர்களை ஏற்ற இன்னும் ஒரு வருஷம் ஆனது.) கப்பியில் ஓடும் கயிற்றின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. மேலே நிற்கும் பெட்டியின் அடித்தொட்டியில் வாய்க்கால் தண்ணீரை நிரப்பினால் அது கனத்து இறங்கும். கீழ்ப்பெட்டி நம்மைத் தூக்கிக்கொண்டு ஏறும். எத்தனை பேர் என்று கீழே இருப்பவன் மணியடிப்பான். மேலே இருப்பவன் அதற்கேற்பத் தண்ணீர் விடுவான். தொட்டி கொஞ்சம் ஒழுகும். அதைச் சரிசெய்வது பற்றிக் கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அதற்குமுன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இது மேலூர் வாத்தியார் மகள். ராகு காலத்துக்கு முன் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று வாத்தியார் கறாராகச் சொல்லியிருந்தார். கிளம்பும் நேரத்தில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். மிச்சம் நான், மாமா, அத்தை.

"ஏலே, மூணு பேரா நல்ல காரியத்துக்குப் போனா வெளங்குமா?" என்ற மாமா, மாவாட்டும் குழவியைத் தூக்கிப் பழக்கூடையின் அடியில் வைத்துத் துணியால் மூடினார். மூன்று பேர் போக நேர்ந்தால் ஒரு கல்லை நான்காவது ஆளாகக் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் ஒரு கூழாங்கல்லை மடியில் முடிந்துகொள்வார்கள். மாமாவுக்கு அது கௌரவக் குறைச்சல்.

"எத்தன பேரு, அண்ணாச்சி?" என்றான் மணிக்காரன்.

"மூணு."

"கல்லோட சேத்து நாலுல்லா மாமா?" என்று காதோரம் கேட்டேன்.

"அது சாமிக்குலே. இவனுக்கு மூணு."

பெட்டி அரை மனதோடு ஏறியது. பாதி வழியில், எதிர்ப்பெட்டி எங்களுக்குச் சமமாக வந்தபோது இரண்டும் நின்றுவிட்டன. நாங்கள் ஆடி அசைந்து ஏறியதில் அதன் தண்ணீர் ஏகத்துக்கு ஒழுகிப்போயிருந்தது. மேலே வாத்தியார் வீட்டு ஜன்னலெல்லாம் தலைகள். கீழே சந்தை மொத்தமும் அண்ணாந்து நின்றது.

"மூணு பேருக்குத்தான தண்ணி விட்டேன்? அங்கன நாலாவது ஆளு யாருவே?" என்று மேலிருந்து ஒரு குரல்.

நானும் மாமாவும் அத்தையைப் பார்த்தோம்.

"என்னய ஏன் பாக்குதிய? உங்க ஆளு கூடைக்குள்ள இருக்காரு" என்றாள் அத்தை.

"அதத் தூக்கிப் போட்ருங்க மாமா."

"போட்டா மறுபடி மூணு பேராயிருவோம்லே."

 தொட்டி ஒழுக ஒழுக, நாங்கள் பைய இறங்கத் தொடங்கினோம். ராகு காலமோ நெருங்குகிறது. இந்த இடமும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா பெண் வீட்டுக்குக் கொண்டுவந்த வாழைத்தாரை எறிந்தார். பிறகு அல்வா, வெல்லம், தேங்காய். (தேங்காய்க்கு மட்டும் "தலை, தலை" என்று எச்சரித்தார்.)

"இங்கன போடும் அண்ணாச்சி, அவன் ஏற்கனவே ரெண்டு வாங்கிட்டான்" என்றது சந்தை.

அப்புறம் என் புதுச் செருப்பு, கோட்டு, கடைசியாகத் தலைப்பாகை. அது போனதும் பெட்டி ஏறியது.

ராகு காலம் பிறக்கச் சற்று முன்னால், வெறுங்காலும் வெறுந்தலையுமாக வாத்தியார் வீட்டில் நின்றேன். மாமா கூடையை நீட்டினார். வாத்தியார் துணியை விலக்கிப் பார்த்தார். குழவி. கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு, அடக்க முடியாமல் விக்கலாகிவிட்டது.

"என்னம்மா சொல்லுத?" என்றார் வாத்தியார் உள்ளே பார்த்து.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்காவ. திருப்பி அனுப்புனா எறங்கும்போது எதப் போடுவாவ, பாவம்" என்றது கதவு.

அதுதான் சம்மதம்.

கமிட்டி இந்த விபத்தை நன்றாக விசாரித்து, 'மூன்று பேர் சேர்ந்து ஏறக்கூடாது' என்று பலகை மாட்டியது. கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சில வருஷத்தில் ஒரு பெருமழை வாய்க்காலை அடித்துக்கொண்டு போனது. அதோடு ஏத்தப்பெட்டியும் நின்றது. தொட்டி ஒழுகுவது பற்றிய யோசனை அதுவரை முடியவில்லை.

குழவி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நான் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கிடக்கும்போதெல்லாம், என் மனைவி மாவாட்டிக்கொண்டே பேரப்பிள்ளைகள் காதில் விழும்படி சொல்வாள்: "என்னயப் பாக்க நாலு பேரு வந்தாவ. அதுல இன்னைக்கு வரைக்கும் வேல செய்யுதவரு இவரு ஒருத்தருதான்."

சொல்லிவிட்டுக் குழவியைத் தட்டிக்கொடுப்பாள்.