பல்லுக்காரன் வாங்கிய ஹெல்மெட்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பல்லுக்காரன் இருந்தானாம். அவனுக்கு ஒரு வீடு, ஒரு பெண்டாட்டி, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு தலை. இந்த நாலில் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் அவன் சொன்னபடி கேட்கும். அதுவும் மழை நாளில் கேட்காது.

பல்லுக்காரன் என்றால் பல் பிடுங்குகிற டாக்டர் இல்லை. டாக்டர் பிடுங்கிய இடத்தில் வைக்கிற செட்டுப் பல்லைச் செய்து கொடுப்பவன். வீட்டு முன்னறைதான் பட்டறை. மேசைமேல் பிளாஸ்டர் வாய் அச்சுகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் எந்நேரமும் சிரித்த முகமாக இருந்தவை அவை மட்டும்தான்.

பல்லைக் கட்டிக்கொண்டு போனவர்கள் மறுநாளே "அழுத்துதுங்க" என்று வந்து நிற்பார்கள். அதற்கு அவன் ஒரே ஒரு மருந்து வைத்திருந்தான்.

"மூணு நாள் போட்டபடியே இருங்க. போடப் போடப் பழகிடும்."

பாதிப் பேருக்குப் பழகிவிடும். மீதிப் பேர் வேறு பல்லுக்காரனிடம் பழகிக்கொள்வார்கள்.

பெண்டாட்டி தெருமுனையில் பெண்களுக்கான பார்லர் வைத்திருந்தாள். ஊரில் வாய் அவன் பொறுப்பு, தலை அவள் பொறுப்பு. வீட்டுக்குள் மட்டும் இரண்டுமே அவள் பொறுப்பு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு மாமியார் வந்தார். மாப்பிள்ளை கையால் பல் கட்டிக்கொள்ள வந்தவர். பல் பொருந்தியதும் ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. பல் பொருந்தவில்லை. தினமும் காலையில் டீயோடு மாமியாரும் பட்டறைக்கு வந்துவிடுவார்.

"மாப்பிள்ளை, இன்னிக்கு இடது பக்கம் கடிக்குது."

"நேத்து வலது பக்கம்னு சொன்னீங்களே அத்தை."

"நேத்து நேத்து. இன்னிக்கு இன்னிக்கு."

"போடப் போடப் பழகிடும் அத்தை."

"இதைத்தான் வந்த அன்னிக்கும் சொன்னீங்க."

பல்லைப் பற்றிய பேச்சு முடிந்தால் அடுத்த வீட்டுப் பேச்சு, அது முடிந்தால் அந்தக் காலப் பேச்சு. பல் கடிக்கிற வாய்க்கு இவ்வளவு பேச எப்படி முடிகிறது என்று பல்லுக்காரனுக்குத் தொழில்முறையில் ஒரு சந்தேகம். கேட்கத்தான் தைரியமில்லை.

ஒரு நாள் அவன் எழுந்து நின்று சபதம் செய்தான். குளியலறைக்குள் நின்றுதான் செய்தான், ஆனாலும் சபதம் சபதம்தானே. பத்து நாள். மோட்டார் சைக்கிளில். தன்னந்தனியாக. மலையும் சாலையும் காற்றும் அவனும். யாரும் எங்கேயும் கடிக்கிறது என்று சொல்லாத பத்து நாள்.

பெண்டாட்டியிடம் சொன்னான். வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நானும் வரேன். பாதி தூரம் நான் ஓட்டறேன். கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா வண்டியை ஓட்டினவதானே நான்."

"ரெண்டு பேர் போனா அதுக்குப் பேர் பயணம் இல்ல. அதுக்குப் பேர் குடும்பம்."

அவள் ஒரு சட்டையை ரொம்ப நேரம் மடித்தாள்.

"சரி, தனியாவே போங்க. ஆனா ஒண்ணு. உங்க பழைய ஹெல்மெட் லொடலொடன்னு ஆடுது. தலைக்குப் பொருந்தற மாதிரி புதுசா ஒண்ணு வாங்குங்க. நாள் பூரா போட்டாலும் வலிக்கக் கூடாது. வலியில கண்ணை மூடினா வண்டி எங்க போகும்? நான் கடைக்கு வந்து பாத்து வாங்கித் தரேன். தலை என் தொழில்."

"என் தலைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"இவ்வளவு நாளா தெரிஞ்ச மாதிரி தெரியல" என்றாள் அவள்.

மறுநாள் தனியாகவே கடைக்குப் போனான். கடைக்காரர் புருவத்துக்கு மேலே நாடாவைச் சுற்றி அளவெடுத்தார். பல்லுக்காரன் கண் அதற்குள் மேல் தட்டில் ஒன்றின்மேல் விழுந்துவிட்டது. கருநீலம். ஓரத்தில் வெள்ளிக் கோடு. காற்று போக உச்சியில் திறந்து மூடுகிற சின்னக் கதவு. அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தான். பல்லுக்காரன் காணாமல் போயிருந்தான். அங்கே யாரோ ஒரு வீரன் நின்றுகொண்டிருந்தான்.

"சார், சுற்றளவு சரிதான். ஆனா உங்களுக்கு நீளத் தலை. இது வட்டத் தலைக்குச் செஞ்சது. நெத்தியில அழுத்தும்" என்றார் கடைக்காரர். "வெள்ளையில ஒண்ணு இருக்கு, போட்டுப் பாருங்க."

வெள்ளையைப் போட்டான். சுகமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். தண்ணீர்த் தொட்டிக்கு மூக்கு முளைத்த மாதிரி இருந்தது.

"நீலமே இருக்கட்டும். போடப் போடப் பழகிடும்."

"விலை அட்டையைக் கிழிச்சுட்டா திருப்பி வாங்க மாட்டோம் சார்."

அவன் அங்கேயே அட்டையைக் கிழித்தான். வீரன் அட்டையோடு போருக்குப் போவானா?

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி அவன் தலையில் கையே வைக்கவில்லை. வாசலில் நின்றபடி ஒரு பார்வை பார்த்தாள். பார்லரில் எத்தனையோ தலையைப் பார்த்த பார்வை அது.

"நெத்தியில அழுத்துமே."

"அழுத்தவே இல்ல. பஞ்சு மெத்தை மாதிரி இருக்கு."

"அட்டை எங்க?"

"பறந்து போச்சு."

"அப்ப ஒண்ணு செய்வோம். ஊர்ல எல்லார்க்கும் நீங்க சொல்ற வைத்தியம்தான். மூணு நாள் வீட்டிலேயே போட்டபடி இருங்க. சாப்பிடவும் தூங்கவும் கழட்டிக்கலாம். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை வரலன்னா நாலாம் நாள் காலையில நானே கையாட்டி அனுப்பறேன்."

என் கத்தியால் என்னையே வெட்டுகிறாளே என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் மூணு நாள்தானே. அதற்கப்புறம் மலை, சாலை, காற்று.

முதல் நாள் காலை பட்டறையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து மெழுகில் பல் பதித்தான். கொஞ்ச நேரத்தில் நெற்றியின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டைவிரலின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கன்னம் இரண்டும் உப்பி, வாய் மீன் வாயாகக் குவிந்துவிட்டது.

பல் அழுத்துகிறது என்று சண்டை போட ஒரு வாடிக்கையாளர் கோபமாக வந்தார். உள்ளே ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அவர் கோபம் இறங்கிவிட்டது.

"நமக்கு முன்னாடியே யாரோ கை வச்சுட்டாங்க போலிருக்கே" என்று பரிதாபமாகச் சொல்லிவிட்டு, பல்லைக் காட்டாமலே திரும்பிப் போனார்.

பெண்டாட்டி மத்தியானம் எட்டிப் பார்த்தாள்.

"வலிக்குதாங்க?"

"சுகமா இருக்கு."

"கண்ணுல தண்ணி வருதே?"

"சந்தோஷம்."

ஹெல்மெட் போட்டுக்கொண்டால் மாமியார் பேச்சாவது காதில் விழாது என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. மாமியார் அதைப் புரிந்துகொண்டு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, திறந்த சன்னலுக்குள் சொல்வது போலச் சொன்னார்.

"மாப்பிள்ளை, இன்னிக்கு ரெண்டு பக்கமும் கடிக்குது."

அன்று ராத்திரி கழற்றும்போது காது இரண்டும் கூடவே வந்துவிடும் போலிருந்தது. நெற்றியில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. தலையெழுத்தைப் படித்துவிட்டு யாரோ அடிக்கோடு போட்ட மாதிரி. பெண்டாட்டி பார்ப்பதற்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

இரண்டாம் நாள் பழைய ஹெல்மெட்டைத் தேடினான். புதியது வலித்தால் வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு திருட்டு யோசனை. சமையலறை மூலையில் கிடைத்தது. மாமியார் அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார்.

"காத்தோட்டமா இருக்கு மாப்பிள்ளை. ஒண்ணுகூட அழுகல."

உள்ளே கையை விட்டுப் பார்த்தான். பஞ்செல்லாம் வெங்காய வாசம். அதை மாட்டிக்கொண்டு மலை ஏறினால் மலை முழுக்க அழுதுகொண்டே போக வேண்டும். அப்படியே வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் அவனுக்கு உலகமே நெற்றியாகிவிட்டது. முப்பத்திரண்டு பல்லை எண்ணிப் பதித்தால் முப்பத்துநாலு வந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. மாமியார் பேசாமல் இருக்கும்போதும் பேசுவது கேட்டது. "வலிக்குது" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து, பல் வரிசையில் முட்டிக்கொண்டு, திரும்பிப் போயிற்று. செட்டுப் பல் கட்டிக்கொண்டு போன முகமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இவ்வளவு பேருக்கா இப்படி வலித்திருக்கும்? அத்தனை பேரும் வரிசையில் நின்று, "போடப் போடப் பழகிடும்" என்று தனக்கு ஆறுதல் சொல்வதாக மத்தியானத் தூக்கத்தில் கனவு கண்டான். தூக்கத்திலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் திரும்பப் போட முடியாது என்ற பயம்.

ஆனாலும் சொல்லவில்லை. இருட்டியதும் பெண்டாட்டியே வந்து தாடைப் பட்டியை அவிழ்த்து, பக்குவமாகக் கழற்றினாள்.

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள். "நாளைக்குக் கிளம்பலாம். வண்டிக்கு எண்ணெய்கூடப் போட்டு வச்சுட்டேன்."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

விடிந்தது. வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தது. பை கட்டியாகிவிட்டது. தெருவில் பால் வண்டி ஒன்று போனது, அந்தச் சத்தம் அவன் மண்டைக்குள்ளேயே போனது. பெண்டாட்டி இரண்டு கையாலும் கிரீடம் மாதிரி ஹெல்மெட்டை ஏந்திக்கொண்டு வந்தாள்.

"குனிங்க."

குனிந்தான். விளிம்பு நெற்றியைத் தொட்டது. தொட மட்டும்தான் செய்தது. அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு நிமிஷம்."

மறுபடி குனிந்தான். மறுபடி அதே சத்தம்.

"வலிக்குதா?"

மலை ஒரு தடவை கண்முன் வந்து போயிற்று. சாலை வந்து போயிற்று.

"வலிக்குது" என்றான். மூன்று நாள் அடக்கியது மொத்தமாக வந்தது. "வலிக்குது. முதல் நாளே வலிச்சுது. கடையிலேயே வலிச்சுது. நெத்தி போச்சு, கண்ணு போச்சு, எனக்குப் பயணமே வேண்டாம்."

"அடடா" என்றாள் அவள். நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னாள். "முன்பணம் கட்டின தங்கற அறையெல்லாம் வீணாப் போகுமே."

இதைச் சொல்லிக்கொண்டே கூந்தலைத் தாழ்வாகப் பின்னி முடிந்தாள். பிறகு ஹெல்மெட்டைத் தன் தலையில் வைத்து அழுத்தினாள். அது சத்தமில்லாமல் இறங்கி, வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி உட்கார்ந்தது. தலையை இடவலமாக ஆட்டினாள். கூடவே ஆடியது, தனியாக ஆடவில்லை. நெற்றிக்கும் பஞ்சுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை.

"எனக்கு வட்டத் தலைங்க" என்றாள். "நீங்க வாங்கிட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே போட்டுப் பாத்தேன். நெத்தி கச்சிதம். கன்னத்துல மட்டும்தான் கொஞ்சம் இறுக்கம். மூணு நாள் யாராவது போட்டா பஞ்சு இளகிடும்னு தெரியும்."

பல்லுக்காரன் வாயைத் திறந்தான். அவன் மேசையில் இருந்த அச்சுகளைப் போலவே அது திறந்தபடி நின்றது.

அப்போதுதான் கட்டியிருந்த பையைப் பார்த்தான். அது அவன் பை இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அவள் ஒரு கனத்த மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் அளவுக்குத் தைத்தது.

"பார்லர்?" என்று ஈனக் குரலில் கேட்டான்.

"முந்தாநாளே போர்டு மாட்டியாச்சு. பத்து நாள் விடுமுறைன்னு."

"நானும் பின்னாடி உக்காந்து வரேனே. பாதி தூரம் நீயே ஓட்டு. முழு தூரமும் நீயே ஓட்டு."

அவள் முன்கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"ரெண்டு பேர் போனா அதுக்குப் பேர் பயணம் இல்லைங்க."

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அவன் உதைத்தால் நாலு உதை கேட்கிற வண்டி. தெருமுனையில் பார்லர் பக்கம் திரும்பும்போது வெள்ளிக் கோடு ஒரு தடவை மின்னியது. கருநீலம் அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

பல்லுக்காரன் வாசற்படியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டான். பின்னால் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. மாமியார் வந்து நின்று, பல் செட்டைக் கழற்றி, துடைத்து, அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"எங்கெங்க கடிக்குதுன்னு இந்தப் பத்து நாளும் நிதானமா சொல்றேன் மாப்பிள்ளை. அவசரமே இல்ல."

"அத்தை, பத்து நாள்... நாம ரெண்டு பேர் மட்டுமா?"

"இருக்க இருக்கப் பழகிடும்" என்று பொக்கை வாயால் சொல்லிவிட்டு, மாமியார் டீ போட உள்ளே போனார்.