கடைசி ஸ்டாப்புக்கு அந்தப் பக்கம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை நீங்கள் ஓட்டிய பஸ்ஸில் உங்களுக்குப் பின்னால் நின்று விசில் அடித்த கண்டக்டருமாகிய நான், பாதி மலையில் இருக்கும் ஒரு தங்கும் விடுதியிலிருந்து பணிவுடன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. என் விஷயத்தில் முதல் பாதி பச்சைப் பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் எழுதுகிறேன். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? அக்கா சௌக்கியமா? நீங்கள் இன்னும் கட்டிலை விட்டு இறங்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ரொம்ப நல்லது. இறங்காதீர்கள். நடப்பது மாதிரி ஒரு மடத்தனம் உலகத்தில் வேறு இல்லை என்று அனுபவப்பட்டுச் சொல்கிறேன். என் நடைப்பயணம் இத்துடன் முடிந்தது. இந்தக் கடிதம் கண்டவுடன் உங்கள் மகனைக் காரோடு அனுப்பி வைக்கவும். போன் பண்ணாமல் கடிதம் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். போன் ஓடையில் விழுந்துவிட்டது. அதன் பின்னாலேயே நானும் விழுந்தேன்.

இதெல்லாம் யாரால் வந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலையடிவாரத்துக் கடைசி ஸ்டாப்பில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு நாம் டீ குடிக்கும்போதெல்லாம், முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலே ஏறிப் போகிறவர்களைப் பார்த்து "அந்தப் பக்கம் அப்படி என்னதான் மாப்ள இருக்கு?" என்று கேட்டது யார்? நீங்கள். ரிட்டயர் ஆனதும் மலையைத் தாண்டி, கடல் வரைக்கும் நடந்தே போய்ப் பார்த்துவிடுவோம் என்று திட்டம் போட்டது யார்? நீங்கள். இரண்டு ஜோடி ஷூ வாங்கியதும் நீங்கள். கிளம்பப் போகிற சமயத்தில் பரண்மேல் இருந்த பையை எடுக்கிறேன் பேர்வழி என்று ஸ்டூலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதும் சாட்சாத் நீங்களேதான். சரி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எலும்பு கூடிவிட்டது, எழுந்து நடங்கள் என்று டாக்டர் சொன்னார், அக்கா கெஞ்சினாள், உங்கள் மகன் திட்டினான், நீங்களோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு "நீ போய்ட்டு வா மாப்ள. என் வண்டி ஷெட்டுக்குப் போயாச்சு" என்றீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் தனியாகக் கிளம்பினேன். கோபத்தில் கிளம்பியவன் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பையைக் கட்டியது உங்கள் தங்கை. முதல் நாள் ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனைப் பை பின்னால் இழுத்தது. மல்லாந்து விழுந்த கரப்பான்பூச்சி மாதிரி கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு கிடந்தேன். அந்த வழியாக வந்த வயதான தம்பதி ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டு, உள்ளே என்ன கல்லா என்று கேட்டார்கள். திறந்து பார்த்தால், என் தலையணை, வெந்நீர்ப் பை, அலாரக் கடிகாரம், குடை, அந்தக் குடை ஒடிந்தால் பிடிக்க இன்னொரு குடை. எல்லாவற்றுக்கும் அடியில் இஸ்திரி போட்ட சட்டை, பாண்ட்டு, பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. "வழியில யாராவது நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டா என்ன போட்டுட்டுப் போவீங்க?" என்று ஒரு சீட்டு வேறு. காட்டுக்குள் என்னை யார் மச்சான் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போகிறார்கள்? தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம்தான். வீட்டுக்குப் போனதும் குடை எங்கே என்று கேட்பாளே.

இரண்டாவது கஷ்டம் என் காலில் இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல், காலை அகட்டி நின்று டிக்கெட் கிழித்தவன் நான். அது உங்களுக்குத் தெரியும், நீங்கள் பிரேக் போடும் லட்சணமும் எனக்குத் தெரியும். ஆடுகிற தரையில் எனக்கு ஒரு தடுமாற்றமும் கிடையாது. ஆடாத தரையில்தான் நிற்க வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்கிறது, தரை சாய மாட்டேன் என்கிறது, விழுகிறேன். எதிரே வந்த ஒரு பெண்மணி நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போனாள். கொப்புளங்களுக்கு நம் ரூட்டில் இருக்கும் ஸ்டாப் பெயர்களையே வைத்துவிட்டேன். வலது குதிகாலில் இருப்பது ஆஸ்பத்திரி, பெருவிரலில் மார்க்கெட், இடது பாதத்தில் கோர்ட். மார்க்கெட்டில் எப்போதும் போலக் கூட்டம். கோர்ட் விவகாரம் லேசில் முடிகிற மாதிரி தெரியவில்லை. சுண்டுவிரல் நகம் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் மச்சான். பேச ஆள் இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. நாள் பூராவும் ஜனங்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு நின்றவன் நான். ஒருத்தர் காலையாவது மிதிக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. இங்கே மிதிப்பதற்கு என் கால்தான் இருக்கிறது. ஒரு நாள் பாதை முழுக்க ஆடுகள் மறித்துக்கொண்டு நின்றன. என்னையும் அறியாமல் "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எவ்ளோ இடம் கெடக்கு, படியில நிக்காதீங்க" என்று கத்தினேன். மரியாதையாக நகர்ந்து போயின. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மனுஷர்கள் ஒரு நாளாவது அப்படி நகர்ந்திருப்பார்களா? அன்றைக்குச் சாயங்காலம் மழை. கூடாரத்துக்குள் ஒண்டிக்கொண்டு டீ போட்டேன், போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். பழக்கதோஷம். உங்களுக்குச் சர்க்கரை அரை ஸ்பூன் என்று போட்டுக் கலக்கிய பிறகுதான் உறைத்தது. அழுதுவிட்டேன் மச்சான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். பிறகு இரண்டு டீயையும் நானே குடித்தேன். உங்கள் டீ நன்றாகவே இல்லை.

இப்போது விசில் கதைக்கு வருகிறேன். என் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினேன். ஒன்று அடித்தால் நிற்பது, இரண்டு அடித்தால் கிளம்புவது. அது இல்லாமல் வண்டி நகராது, நானும் நகர மாட்டேன். காலையில் பையை மாட்டியதும் இரண்டு, தண்ணீர் குடிக்க நின்றால் ஒன்று, மறுபடி கிளம்ப இரண்டு. இப்படி ஊதிக்கொண்டே மலை ஏறிக்கொண்டிருந்தேன். நேற்று ஒரு திருப்பத்தில், ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நாலைந்து பேர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். கூட ஒரு நாய். நாய் நேராக வந்து என் பாண்ட்டைக் கவ்விக்கொண்டது. தலைவி மாதிரி இருந்த பெண் கேட்டாள்:

"விசில் அடிச்சது யாருங்க?"

"நான்தான்."

"எங்க அடிபட்டிருக்கு?"

"அடியெல்லாம் ஒண்ணும் படலம்மா. கிளம்பினேன்."

"கிளம்பறதுக்கு எதுக்குங்க விசிலு?"

"விசில் அடிக்காம எப்படிம்மா கிளம்பறது?"

அந்தப் பெண் பொத்தென்று பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். மலையில் விசில் சத்தம் கேட்டால் யாரோ உயிருக்கு ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அவர்கள் மலைமீட்புக் குழுவாம். "நாலு நாளா உங்களைத் தேடறோம். சத்தம் வந்த இடத்துக்கு நாங்க வந்து சேர்றதுக்குள்ள சத்தம் அடுத்த மேட்டுல கேக்குது. சாகக் கிடக்கிற ஆளு இவ்ளோ வேகமா நடந்து நாங்க பார்த்ததே இல்ல!" என்று கத்தினாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. இனிமேல் இந்த மலையில் விசிலை வாயில் வைக்க மாட்டேன் என்று நாய் முன்னிலையில் சத்தியம் வாங்கிக்கொண்டு, என்னை இந்த விடுதியில் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று காலை பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். நின்றேன், அவ்வளவுதான். கால் நகரவில்லை. யாராவது ரைட் கொடுத்தால்தானே? விடுதிக்கார அம்மா என்னைச் சுற்றிப் பெருக்கினார். "கிளம்பலையா?" என்றார். "கிளம்பணும்" என்றேன். துடைப்பத்தை உள்ளே வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே நின்றேன். மழையில் நனைந்து வந்த ஒருத்தர் என்னைக் கோட்டு மாட்டும் கம்பம் என்று நினைத்து ஈரக் கோட்டை என் தோளில் மாட்டிவிட்டு உள்ளே சாப்பிடப் போனார். அவர் சாப்பிட்டு முடித்து வந்து எடுத்துக்கொள்ளும்வரை அதையும் சுமந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீங்கள் சொன்னதுதான் சரி. வண்டி ஷெட்டுக்குப் போய்விட்டால் போனதுதான். அந்தப் பக்கம் என்ன இருந்தால் நமக்கென்ன? நீங்கள் அந்தக் கட்டிலில் கொஞ்சம் தள்ளிப் படுங்கள், நானும் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் தங்கையிடம் இரண்டு குடையும் பத்திரம் என்று சொல்லவும். எல்லோரும் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருக்க வேண்டுகிறேன். கார் வரும்வரை வாசலிலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
நின்ற இடத்திலேயே நிற்கும்
உங்கள் கண்டக்டர்

பின்குறிப்பு: கார் வேண்டாம். அனுப்பிவிடாதீர்கள். மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம்.

கடிதத்தை மடித்து ஒட்டிவிட்டு, தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று விடுதிக்கார அம்மாவைக் கேட்டேன். "கணவாயத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினா இருக்கு. போறப்ப போட்டுட்டுப் போங்க" என்றார்.

"நான் போகலைன்னுதாம்மா இதுல எழுதியிருக்கேன்."

"அதையும் அங்க போய்த்தானே போடணும்?"

அதுவும் நியாயம்தான். சரி, போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்று தலையணை, கடிகாரம், கறுப்பு ஷூ எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு (குடைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்) நடந்தேன். பாதி ஏற்றத்தில்தான் சுரீரென்றது. அடப்பாவி, விசிலே அடிக்கலையே, எப்படிக் கிளம்பினேன்? தபால் போடப் போவதற்கு யாராவது விசில் அடிப்பார்களா, அதனால் காலுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நான் அதனிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. காற்று ஆளைத் தள்ளியது, ஒரு குடை பறந்தே போய்விட்டது. நல்லவேளை, இன்னொன்று இருந்தது. உங்கள் தங்கை கெட்டிக்காரி, இதை அவளிடம் சொல்ல வேண்டாம். உச்சியில் நின்று பார்த்தேன் மச்சான். தூரத்தில் நீளமாக ஒரு பளபளப்பு தெரிந்தது. கடலா, மேகமா என்று தெரியவில்லை. கடல் என்றே வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் பக்கம் இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டு, ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இத்தனை காலமாகக் கேட்டீர்களே, சொல்லட்டுமா? பஸ் ஸ்டாப்பு. சத்தியமாக. ரோடு அங்கேதான் முடிகிறது. ஒரு பஸ்ஸைத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு டிரைவரும் ஒரு கண்டக்டரும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மலையிலிருந்து இறங்கி வருவதையே பார்த்துக்கொண்டிருந்த டிரைவர், கிட்டே போனதும் கேட்டார்:

"ஏங்க, அந்தப் பக்கம் அப்படி என்னதாங்க இருக்கு?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அங்கயும் ஒரு டிரைவரும் கண்டக்டரும் டீ குடிச்சுக்கிட்டு இதையேதாங்க கேட்டுக்கிட்டிருந்தாங்க" என்றேன். அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் கொட்டியது. எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு நேரமாகிவிட்டது என்று அவர் ஏறி உட்கார்ந்தார், கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார், வண்டி நகர்ந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நீங்கள்தான் கண்ணுக்குள் வந்து நின்றீர்கள். டாக்டர் நடங்கள் என்றார், அக்கா நடங்கள் என்றாள், உங்கள் மகன் நடங்கள் என்றான், நான் கத்தினேன். ஒருத்தராவது உங்களுக்கு ரைட் கொடுத்தோமா? ரைட் கொடுக்காமல் நீங்கள் எந்தக் காலத்தில் வண்டியை எடுத்திருக்கிறீர்கள்? மேலதிகாரியே வந்து கண்ணாடியைத் தட்டியபோதுகூட "கண்டக்டர் சொல்லட்டும்" என்று உட்கார்ந்திருந்த ஆள் நீங்கள். இது எனக்கு அல்லவா தோன்றியிருக்க வேண்டும்!

அதனால், மச்சான், கவரைக் குலுக்கிப் பாருங்க. உள்ள கடகடங்குதே, அது என் விசில்தான். எனக்கு இனிமே வேணாம். நான் இப்படியே தபால் போடப் போற மாதிரி மெதுவா கடல் வரைக்கும் போயிடுவேன். விசிலை அக்காகிட்ட குடுங்க. கூடத்துக்கு அந்தக் கடைசியில நின்னு அடிக்கச் சொல்லுங்க. ஒண்ணு அடிச்சா நில்லுங்க, சுவரைப் பிடிச்சுக்குங்க, அவசரம் இல்ல. நாளைக்கு வாசல், அப்புறம் தெருமுனை. கடற்கரையில கார் நிக்கிற இடத்திலேர்ந்து தண்ணி வரைக்கும் வெறும் மணல்தானாம், இங்க விசாரிச்சுட்டேன். கார்ல உங்க மகனோட நீங்களும் வரணும். அந்த மணல்ல நான் தனியா நடக்க மாட்டேன், சொல்லிட்டேன். எத்தனை நாளானாலும் அங்கேயே குடையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.

உங்க ஷூ கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. மாட்டிக்கிட்டீங்களா? அக்கா, ரெண்டு அடிங்க.