கண்ணை மூடி ஒப்பித்த பத்து வார்த்தை

தியானம் செய்தால் கோபம் குறையும் என்கிறார்கள். எனக்கு அதைச் சொன்னவர்கள் மேல்தான் கோபம் ஜாஸ்தியானது.

குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் முப்பது வருடம் ஃபோர்மேன் நான். மெஷின் சத்தத்தில் கத்தியே வேலை வாங்கியவன். ஓய்வு பெற்ற பிறகு மனைவி செல்வியிடம் கத்தினேன். (பதிலுக்கு அவள் கத்தமாட்டாள். அது இன்னும் எரிச்சல்.)

போன வருடம் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மறந்துபோய் ஷேர் ஆட்டோவில் வீடு வந்து, வண்டி திருடு போய்விட்டது என்று போலீசில் புகார் கொடுத்தேன். வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்றது. போலீஸ்காரர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிதம்பரத்தில் இருக்கும் மகள் கவிதா சாவியைப் பிடுங்கிக்கொண்டு, அங்கே ஒரு டாக்டரிடம் என்னை இழுத்துப் போனாள். அவர் ஒரு தாளைப் பார்த்துப் பத்து வார்த்தை வாசித்தார். திருப்பிச் சொல்ல வேண்டுமாம். மூன்று சொன்னேன். அதில் ஒன்று அவர் சொல்லாதது.

"பயப்பட வேணாம் சார். தியானம் பழகுங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

"அப்பவும் கோட்டை விட்டா வண்டிய வித்துடுவேன்பா," என்றாள் கவிதா.

வண்டி இல்லையென்றால் டீ குடிக்கப் போகக்கூட ஒருத்தரைக் கெஞ்ச வேண்டும். அதற்குச் சாகலாம். டாக்டர் போன் பேச வெளியே போன நேரத்தில், மேஜை மேல் கிடந்த அந்தத் தாளை செல்போனில் படம் எடுத்துவிட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் தியான வகுப்பு. துணைக்கு செல்வி. மூச்சைக் கவனிக்கச் சொன்னார் டீச்சர். நான் கண்ணை மூடி, மாம்பழம், பூட்டு, கழுதை, ஜன்னல் என்று பத்தையும் உருப்போட்டேன். என் உதடு அசைவதைப் பார்த்த டீச்சர், "ஐயா எவ்ளோ ஆழமா மந்திரம் சொல்றாரு பாருங்க," என்று எல்லோருக்கும் காட்டினார். பக்கத்தில் செல்வி கொசு கடித்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இவளுக்கு எதற்கு இந்தப் பாடு என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி சிதம்பரம். டாக்டர் வாசித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஃபோர்மேன் குரலில் பத்தையும் ஒப்பித்தேன். கவிதா கையே தட்டிவிட்டாள்.

டாக்டர் பழைய தாளைத் தேடி எடுத்தார். "பத்தும் கரெக்ட் சார். வரிசைகூட மாறல. ஆனா இது போன தடவ படிச்சது. இன்னைக்குப் படிச்சதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"கழுதை?" என்றேன்.

ஓரமாக நின்ற செல்வி, "மேளம், தக்காளி, ரயிலு, தாழ்ப்பாள்..." என்று ஆரம்பித்துப் பத்தையும் சொல்லி முடித்தாள். அப்புறம், "இவருக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். அடுத்தவங்க பேசறதுதான் காதுல ஏறாது. கல்யாணமான நாள்லேருந்தே இப்படித்தான்," என்றாள்.

"நான் ஒரு பக்கம் எழுதணும்னு இருந்தேன். நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்கம்மா," என்றார் டாக்டர்.

கவிதா சாவியை எடுத்தாள். நான் கை நீட்டினேன். அது செல்வியின் கைக்குப் போனது.

அறுபத்திரண்டு வயதில், மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரே வாரத்தில் வண்டி பழகினாள். இரண்டு தடவை விழுந்தாள். யாரையும் திட்டவில்லை. (நான் பழகியபோது ரோட்டையே திட்டியவன்.) இப்படி ஒருத்தி கம்பெனியில் இருந்திருந்தால் என் நாற்காலியை அன்றைக்கே கொடுத்திருப்பேன். வீட்டிலேயே இருந்திருக்கிறாள், முட்டாள் நான் பார்க்கவில்லை.

இப்போது எனக்குப் பின்சீட். அவள் போட்ட சட்டம் ஒன்றுதான்: வழியில் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும். நேற்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டி சட்டென்று நின்றது.

"ஏங்க, இப்ப நான் என்ன சொன்னேன்?"

"மீன் வாங்கணும்னு..."

"எறங்குங்க."

கவிதா தினமும் போன் செய்வாள். சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்பதில்லை. "என்னாப்பா, இன்னைக்கு வண்டியா, நடையா?" என்றுதான் கேட்கிறாள்.