மனசாட்சிச் சான்றிதழ், மூன்று பிரதிகளில்

கத்தோலிக்கக் குருமடத்தில் இருபத்திரண்டு வருடங்களாக அறநெறி இறையியல் சொல்லிக்கொடுத்த சாமியாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஆனால் சாமி'. பொய் சொல்லலாமா என்று கேட்டால், "கூடாது, ஆனால்..." என்று ஆரம்பித்து மணியடிக்கும்வரை விடமாட்டார். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு அவருடையது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையைப் பாதிப் பேர் அங்கேதான் கற்றார்கள். பிற்காலத்தில் ஆயர் கூட்டிய கூட்டங்களில் அது அவர்களுக்கு மிகவும் பயன்பட்டது.

ஆகவே சாலைத்துறைச் செயலாளர் நேரில் வந்து, "ஃபாதர், அரசாங்கத்துக்கு உங்க பாடம் தேவைப்படுது" என்றபோது சாமியாருக்குத் தலைகால் புரியவில்லை.

விஷயம் இதுதான். நகரத்துக்குக் குறுக்கே ஒரு சாலை போட வேண்டும். அந்த இடத்தில் எண்பது குடும்பங்கள் குடியிருக்கின்றன. சட்டப்படி எல்லாம் முடிந்தாயிற்று. ஆனால் அமைச்சர் பூசை தவறாதவர். அவருடைய மனசாட்சி, கோப்பில் கையெழுத்துப் போடவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"நல்ல மனுஷன்" என்றார் சாமியார், நெகிழ்ந்துபோய்.

"ரொம்ப நல்லவர். அதனாலதான் பதினோரு நாளா கோப்பு நகரல. மனசாட்சிக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சான்றிதழ் இருந்தாப் போதும்."

சாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இரட்டை விளைவு நெறின்னு ஒண்ணு இருக்கு. ஒரு செயலுக்கு நல்ல விளைவும் இருக்கலாம், கெட்ட விளைவும் இருக்கலாம். டாக்டர் வலி தீர மருந்து கொடுக்கறார். நோயாளி மயங்கிடறான். மயங்குவான்னு டாக்டருக்குத் தெரியும். ஆனா அது அவரோட நோக்கம் இல்ல."

"தெரியும், ஆனா நோக்கமில்ல!" செயலாளர் எழுதிக்கொண்டார். "எங்க துறையோட மொத்த வரலாற்றையும் ஒரே வரியில சொல்லிட்டீங்க ஃபாதர்."

"இருங்க, நாலு நிபந்தனை இருக்கு. மூணாவதுலதான் நீங்க மாட்டிக்கிறீங்க. கெட்டது வழியா நல்லது வரக்கூடாது. வீட்ட இடிச்சாத்தானே சாலை வரும்? அப்ப இது செல்லாது."

செயலாளர் பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தார். "சாலைய முதல்ல திறந்துட்டா?"

"புரியல."

"திறப்பு விழாவ முதல்ல வச்சுடறோம். அந்த நிமிஷத்துல இருந்து அது சாலை. அதுக்கு மேல சில வீடுங்க நிக்கும். அதை அப்புறப்படுத்தறது சாலை போடறதுக்கு இல்லையே, போக்குவரத்துக்குத்தானே?"

சாமியார் நிபந்தனைகளை விரல்விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தார். எங்கேயோ இடறியது, எங்கே என்று பிடிபடவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாணவன்கூட மூன்றாவது நிபந்தனைவரை விழித்திருந்ததில்லை. இந்த மனிதர் அதைத் தாண்டியே போய்விட்டார்! நல்லதும் கெட்டதும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும் என்ற நான்காவது நிபந்தனைக்கு, செயலாளர் கொண்டுவந்திருந்த படிவத்தில் இடம் போதவில்லை. மூன்று பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் சாலை திறக்கப்பட்டது. குருமடத்துக்கு அங்கி தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா வீட்டுச் சன்னலுக்கும் எதிர்வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ரிப்பன் கட்டினார்கள். அமைச்சர் அதை வெட்டி, இச்சாலையில் மக்கள் இன்புற்றுப் பயணம் செய்வார்களாக என்று வாழ்த்திவிட்டு, கார் உள்ளே நுழைய முடியாததால் நடந்தே திரும்பினார். மறுநாள் தையல்காரம்மா ஒரு நோட்டீசோடு சாமியார் அறைக்கு வந்தாள்.

"சாமி, நடுரோட்டுல தையல் மெஷின் போட்டு வண்டிங்களுக்கு இடைஞ்சல் பண்றேனாம். இதே நோட்டீஸ் மாமனாருக்கும் வந்திருக்கு. நடக்க முடியாம ஒரு வருஷமா கட்டில்லயே கிடக்கறார். அவரு ரோட்டுல படுத்திருக்காராம்!"

"உங்களுக்குக் கெடுதல் பண்ணணும்னு யாருக்கும் நோக்கமில்லம்மா" என்று சாமியார் ஆரம்பித்தார்.

"அது வேறயா? நோக்கம் இருந்திருந்தா, யாரையாவது பிடிச்சுச் சண்டையாவது போட்டிருப்பேன்."

அவள் போன பிறகு சாமியார் நோட்டீசின் அடியில் இருந்ததைப் படித்தார். 'இணைப்பு: மனசாட்சிச் சான்றிதழ்.' அவருடைய கையெழுத்துதான்.

செயலாளரிடம் ஓடினார். "நான் போட்டது தப்பு. திருப்பிக் கொடுங்க."

"உங்க மனசாட்சிய நீங்க தாராளமா எடுத்துக்கலாம் ஃபாதர். சான்றிதழ எடுக்க முடியாது. அது அரசாங்க ஆவணம்."

"அமைச்சர நான் பாக்கணும்."

"பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்கப் போயிருக்கார். வந்ததும் இடிக்கற தேதியக் குறிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மறையுரையில் சாமியார் வாழ்நாளில் முதல்முறையாக 'ஆனால்' போடாமல் பேசினார். "வீட்டை இடிக்கறது யாருன்னு கேட்டா நான்தான். பேனாவால இடிச்சேன். செவ்வாய்க்கிழமை காலையில இடிக்க வர்றாங்க. அந்தத் தெருவுல போய் நிக்கப்போறேன். என்கூட யார் வர்றீங்க?" கோயில் முழுவதும் விம்மியது. கை தூக்காதவர் ஒருவரும் இல்லை. முன்வரிசையில் இருந்த பள்ளித் தலைமையாசிரியர் இரண்டு கையையும் தூக்கினார்.

செவ்வாய்க்கிழமை சாமியார் போய் நின்றார். பக்கத்தில் தையல்காரம்மாவும், கட்டிலோடு தூக்கி வெளியே வைத்திருந்த மாமனாரும். மற்றக் குடும்பங்கள் முந்தின நாளே சாமான்களோடு கிளம்பியிருந்தன. கை தூக்கியவர்களில் யாரும் வரவில்லை. பத்து மணிக்கு இயந்திரம் வந்தது. அதன் ஓட்டுநர் தலையை நீட்டி, "தள்ளி நில்லுங்க சாமி, உங்க மேல இடிக்கணும்னு எனக்கு நோக்கமில்ல" என்றார். இரண்டு போலீஸ்காரர்கள் சாமியாரை மிகுந்த பக்தியோடு தூக்கி ஓரமாக வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது நிஜமாகவே சாலை ஆகிவிட்டது.

மறுநாள் காலை அவர் அறைக்கு வெளியே பெரிய வரிசை. கை தூக்கிய அத்தனை பேரும் நின்றார்கள். வராததற்கு வருந்தி வந்திருக்கிறார்கள் என்று சாமியாருக்குக் கண் கலங்கியது.

முதலில் தலைமையாசிரியர். "ஃபாதர், மக்குப் பசங்க நாப்பது பேர வெளிய அனுப்பறோம். பள்ளிக்கூடத்தோட தேர்ச்சி விகிதம்தான் எங்க நோக்கம். அமைச்சருக்குக் கொடுத்த மாதிரி ஒண்ணு கொடுத்தீங்கன்னா..."

அடுத்து ஒரு மருமகள். மாமியாரை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறாள்; வீட்டில் அமைதிதான் நோக்கம். அவளுக்குப் பின்னால் ஆலை முதலாளி, ஆற்றையும் கழிவுநீரையும் பற்றிப் பேச வந்திருந்தார். எல்லோரையும் சாமியார் விரட்டினார். யாரும் போகவில்லை, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்கள்.

ஆறாவதாகத் தையல்காரம்மா வந்தாள். "எங்களுக்கு மாத்து வீடு ஒதுக்கிட்டாங்க சாமி. ரெண்டு ரூம். மாமனார் கட்டில் போட இடம் இருக்கு." மனசாட்சிச் சான்றிதழ்ப் படிவத்தை மேசைமேல் வைத்தாள். "அதுல இப்ப ஒரு குடும்பம் இருக்குதாம். சலவைக்காரர், ரெண்டு புள்ளைங்க. நல்ல ஜனங்கன்னுதான் சொல்றாங்க."

"அவங்க எங்கம்மா போவாங்க?"

"அவங்களுக்கும் ஒதுக்கியிருக்காங்களாம். அங்கயும் யாரோ இருக்காங்களாம்."

சாமியார் பேனாவை மூடினார். "நான் போடமாட்டேன்மா."

அவள் கோபப்படவில்லை. "என் வீட்ட இடிக்கப் போட்டீங்க. எனக்கு வீடு கிடைக்கப் போடமாட்டீங்களா?"

சாமியார் வாயைத் திறந்தார். "ஆனா..." என்றார்.

"எங்க கையெழுத்துப் போடணும்னு அவங்களே புள்ளி வச்சுக் கொடுத்திருக்காங்க" என்று விரலால் காட்டினாள் அவள். "சீக்கிரம் போடுங்க சாமி, பின்னால ஆளுங்க நிக்கறாங்க."