முகம் தெரியாத படமும் அளவு பாயும்

அளவு பாயின் கண்ணுக்குத் தப்பிய தோள்பட்டை புதுச்சேரியில் ஒன்றுகூடக் கிடையாது. மூலக்குளத்தில் எங்கள் தெருமுனைத் தையல்காரர் அவர். டேப்பைக் கழுத்தில் போட்டிருப்பாரே தவிர, அளந்து நான் பார்த்ததில்லை. "மூச்ச இழுக்காதீங்க, தொப்ப தெரிஞ்சுபோச்சு" என்பார்.

அவரைக் காலாப்பட்டில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனது நான்தான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில், யாராவது தவறி விழுந்தால் கணினி கண்டுபிடிக்கவேண்டும் என்று உடல் வெப்பத்தைப் படமெடுக்கும் கேமரா வைத்திருந்தோம். முகம் தெரியாது, மஞ்சளும் சிவப்புமாக ஓர் உருவம், அவ்வளவுதான். யாரையும் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று அந்தப் பெரியவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். படத்துக்குப் படம் தோள், முழங்கை, முட்டி என்று புள்ளி வைத்துக் கணினிக்குக் காட்ட வேண்டும். எங்களுக்கோ தோளும் தலையணையும் ஒன்றாகத் தெரிந்தன.

பாய் மளமளவென்று வைத்தார். ஆனால் தோள் புள்ளியெல்லாம் சட்டைக் கை சேரும் தையலில் இருந்தது.

"எலும்பு இருக்கற எடத்துல வைங்க பாய்."

"எலும்புக்கு யாரு தம்பி சட்ட தைக்கிறாங்க?"

முனகிக்கொண்டே அத்தனையையும் மாற்றி வைத்தார்.

மூன்றாம் நாள் ஒரு படத்தில் அவர் கை நின்றுவிட்டது. கட்டிலோரத்தில் உட்கார்ந்திருக்கும் உருவம். இடது தோள் சரிந்திருந்தது.

"முப்பது வருசமா இந்தத் தோளுக்கு நான்தான் தச்சேன். மகன் கூப்பிடுறான், ஃபிரான்ஸுக்குப் போறேன் பாய்னு சொல்லிட்டுப் போனாரு."

எங்கள் வாக்கு ஒரு தோளில் உடைந்துபோனது. படத்தை அப்போதே அழித்தேன்.

"போய்ப் பாக்குறீங்களா பாய்?"

"வேணாம் தம்பி. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு."

மறுவாரம் இடது தோளைச் சரித்துத் தைத்த ஒரு சட்டையை நீட்டினார். காலரில் எப்போதும் தைக்கும் கடைப்பெயர் இல்லை.

"யாரு குடுத்தான்னு சொல்லாத."

"இந்த வெயில்ல முழுக்கையா பாய்?"

"ஃபிரான்ஸுல குளுருமில்ல" என்றார், சிரிக்காமல்.

அந்தக் கேமரா இருந்த அறைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் போட்டுப் பார்த்தார். இடது தோளைத் தடவினார். யார் தைத்தது என்று கேட்கவில்லை. வியர்த்துக் கொட்டியபோதும் இரண்டு கைப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"பாயைப் பாத்தீங்கன்னா, இங்க ரொம்பக் குளுருதுன்னு சொல்லுங்க."

அப்படியே போய்ச் சொன்னேன். "குளுரத்தான் செய்யும்" என்று பாய் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.