பூ சொன்ன சாட்சி

"குளிச்சீங்களா?"

"குளிச்சேன்."

"பூ அப்படிச் சொல்லலையே!"

கெமிஸ்ட்ரி வாத்தியார் திரும்பிப் பார்த்தார். குளியலறைக் கதவின் உள்பக்கத்தில் அந்தக் காகிதப் பூ பளிச்சென்று நீலமாகத் தொங்கியது.

சொந்தச் செலவில் சூனியம். போன வாரம் அவரே கோபால்ட் உப்புக் கரைசலில் தோய்த்துச் செய்த பூ. "இதுக்குப் பேரு ஹைட்ரேட். உப்பு தண்ணியைப் பிடிச்சுத் தனக்குள்ளேயே பூட்டி வச்சுக்கும். காஞ்சா நீலம், ஈரம் பட்டா ரோஸ்" என்று மனைவிக்குப் பாடம் நடத்தினார். அவள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். மறுநாளே பூ குளியலறைக்குக் குடிபோனது.

ஹீட்டர் கெட்டுப்போன குளிர்காலம். தண்ணீரைத் தொட்டால் தேள் கொட்டியது. மனைவியோ தினமும் முதல் ஆளாகப் போய், தலையில் துண்டுடன் ஜம்மென்று வருவாள். அவள் வந்த கையோடு இவர் நுழைவார். இன்றும் அப்படித்தான்.

"இன்னிக்கும் ஏமாத்தினா, ஹீட்டர் சரியாகிற வரைக்கும் பாத்திரம் மொத்தமும் நீங்கதான் கழுவணும். அப்பாதான் சாட்சி!"

ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் பேப்பரை விட்டுத் தலை தூக்கவில்லை.

வாத்தியார் மறுபடி உள்ளே போனார். பூவின் மேல் நாலு சொட்டுத் தெளித்துவிட்டு வந்தார்.

"என்னங்க, பூவுக்கு அம்மை போட்டிருக்கு?" மனைவி அதை அடுப்பு அனலில் காட்டினாள். ரோஸ் புள்ளிகள் போயே போய்விட்டன. "தண்ணி ஆவியாகித் தப்பிச்சிடுச்சு. நீங்க தப்ப முடியாது. போங்க!"

மூன்றாம் படையெடுப்பு. பூவை மாட்டி, கதவைத் தாழிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல், சுவரில் மொண்டு மொண்டு அடித்தார். "ஸ்ஸ்... ஆஹா!" என்று குளிக்கிற குரலும் கொடுத்தார். நீலம் மெல்ல வெளிறி, பூ ரோஸாகச் சிரித்தது.

வெற்றி! துள்ளியவர் சோப்பை மிதித்தார். தடால்! வாளித் தண்ணீர் முழுக்க அவர் தலையில்.

சொட்டச் சொட்ட வெளியே வந்தார். பற்கள் தந்தியடித்தன.

"பூ... ரோ... ரோஸ்!"

"சட்டையோட குளிச்சதெல்லாம் செல்லாது. பாத்திரம் காத்துக்கிட்டு இருக்கு" என்று மனைவி தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

மாமனாரின் பேப்பர் மெதுவாக மடிந்தது.

"அது சரிம்மா... நீ குளிச்சுட்டு வந்த கையோடதானே மாப்பிள்ளை உள்ளே போனாரு, அப்புறம் எப்படி அந்தப் பூ நீலமாவே இருந்துச்சு?"