காட்டுக்குள் ஒரு கைப்பை

மதிப்பும் பாசமும் மிகுந்த அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் கடையும் சௌக்கியம். நீயும் அத்தானும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அத்தானின் முட்டிவலி மட்டும் சௌக்கியமில்லாமல் தொலைந்து போகட்டும்.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான், கடைக்கு வந்தவரின் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் உடம்பைத்தான் நீ அறிவாயே, ஃபிரேம் தகடாகிவிட்டது, லென்ஸும் தூள். அதன் சொந்தக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிற அம்மா. தெருவே ‘டிரைவரம்மா’ என்றுதான் கூப்பிடும். பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறக்கிவிட்டவர் என்று பக்கத்துக்கடை ஜெராக்ஸ்காரர் ஏற்கெனவே காதில் போட்டிருந்தார். (எனக்கென்ன வந்தது என்று கேட்டுக்கொண்டேன். முழுசாகவும் கேட்டுக்கொண்டேன்.) திருகாணி இறுக்க வந்தவர், கண்ணாடியைக் கழற்றி என் நாற்காலியில் வைத்திருக்கிறார், நான் பார்க்கவில்லை.

திட்டுவார் என்று நின்றால், கைப்பையிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு நாவலை எடுத்து மேஜைமேல் போட்டார். “லீவு நிறைய கிடக்கு, பஸ்ஸைப் பத்திக் கவலை இல்ல. ஆனா கதை பாதியில நிக்குது. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. உடைச்சவர்தானே படிச்சுக் காட்டணும்?” நியாயம்தானே அக்கா?

அது மாயாஜால நாவல். அந்த நாட்டில் கதைதான் மந்திரம். ஒருத்தன் கதை கட்டினால் வீடு எழும்பும், கதை விட்டால் அது சிறகடித்துப் பறக்கும், கதை அளந்தால் களஞ்சியம் நிரம்பும். ஆனால் கதையை முடித்தால், சொன்னவன் கதையும் முடிந்தது. நாயகன், நாயகி ரெண்டு பேருமே கதைசொல்லிகள். அதனால் மனசிலிருப்பதைச் சொல்லி முடிக்கப் பயந்து இழுத்தடிக்கிறார்கள். பாதிப் புத்தகம் தாண்டியும் விரல் நுனி பட்டபாடில்லை. கடை மூடுகிற நேரத்தில் தினமும் படித்தேன். டிரைவரம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்பார். ஜெராக்ஸ்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்று கேட்பார். அப்படியே போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் வந்துவிட்டது.

‘நிலா வெளிச்சத்தில் அவன் அவள் கையை’ வரைக்கும் படித்துவிட்டேன், அதுக்கு மேல நாக்கு எழும்பல. எதிர்ல அவங்க. “கையை?” “கை... கைப்பையை வாங்கி மரத்துல மாட்டினான்.” “நடுக்காட்டுல கைப்பை ஏதுங்க?” “மந்திரக் கைப்பைங்க.” அவ்வளவுதான், மாட்டினது மாட்டினதுதான். அப்புறம் அந்தப் பைக்குள்ளேருந்து ஒரு பூதம், பூதத்துக்கு ஒரு மச்சான், மச்சானுக்கு ஒரு வழக்கு என்று நானே இட்டுக்கட்ட, நாவல் ஒருபக்கம் போக நான் ஒருபக்கம் போனேன். புது லென்ஸ் என்னவோ என்றைக்கோ வந்துவிட்டது, அதை டிராயரில் துணிக்கடியில் ஒளித்ததும் நான்தான். கண்ணாடி தயாரானா அவங்க வரமாட்டாங்களே அக்கா! கடைசியில் “இன்னுமா லென்ஸ் வரல?” என்று நேருக்கு நேர் கேட்டதும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். புத்தகமும் கையுமாகப் போய்விட்டார். கைப்பையே இல்லாத புத்தகம்! இந்த வயசுல ஒருத்தர் வந்து எதிர்ல உட்கார்ந்தாங்க, அதையும் கதை விட்டே கெடுத்துக்கிட்டோமேன்னு அன்னிக்கு ரெண்டு பேருக்கு ஃபிரேமைத் தலைகீழா மாட்டி அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தாங்க. புத்தகத்தை டொப்புன்னு வெச்சாங்க. “முழுசும் படிச்சேன். இதுல கைப்பையே இல்லையே.” நான் தலையைக் குனிஞ்சேன். “பூதமும் இல்ல. மச்சானும் இல்ல. சப்புன்னு கையைப் புடிச்சுடறான்.” “மன்னிச்சுக்கோங்க.” “எதுக்கு? உங்க கதைதான் நல்லாருந்துச்சு.” அப்படியே தன்னோட கைப்பையைக் கழட்டி நீட்டினாங்க. “புடிங்க. இதுல ஆரம்பிங்க, மத்ததை மெதுவா பார்த்துக்கலாம்.”

புடிச்சுட்டேன் அக்கா. நல்ல கனம். வாசலில் ஜெராக்ஸ்காரர் கைதட்டினார்.

ஆகவே, நீ மாதாமாதம் அனுப்புகிற பெண் போட்டோக்களை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். அப்பாடா என்று நீயும் ஒரு மூச்சு விட்டுக்கொள். நான் விட்டுவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
கதை முடியாமல் தப்பித்த உன் தம்பி

பின்குறிப்பு: இதை எழுதும்போது அவங்க எதிரே உட்கார்ந்து நாவலின் இரண்டாம் பாகம் படிச்சுட்டிருக்காங்க. புதுக் கண்ணாடி தலைமேல் ஏறியிருக்கு. இப்பத்தான் உறைக்குது: அது தூரத்துக் கண்ணாடி. ரோட்டைப் பார்க்கத்தான் வேணும், புத்தகத்துக்கு வெறுங்கண்ணே போதும். அந்தப் பவரைச் சோதிச்சு, எழுதி, லென்ஸை வெட்டி மாட்டினது நான்தான். பழசுக்கும் புதுசுக்குமா ரெண்டு தடவை.